அத்தை ஏறியாச்சா?

மணி ஏழரை இருக்கும். கார்த்திகை மாதம். சாணார்பட்டிப் பக்கம் ஒரு ஊரிலிருந்து மெயின் ரோட்டுக்கு வரும் ஒற்றைப் பாதை... இரண்டு பக்கமும் பூத்தோட்டம், நடுவில் ஓடைமேல் ஒரு சின்னப் பாலம். வீடு கிடையாது. விளக்கு கிடையாது. தூறல் விட்டு விட்டு விழுகிறது. அந்தப் பாதையில் கண்ணுசாமி மோட்டார் சைக்கிளில் தனியாக வந்துகொண்டிருந்தான்...

அக்மல், அந்த செல்போன் வெளிச்சத்தை அணை. டூர் வண்டி வந்தால் சத்தத்திலேயே தெரிந்துவிடும். கரண்ட் போனதும் ஒரு வகையில் நல்லதுதான், இதை ட்யூப்லைட் வெளிச்சத்தில் சொன்னால் சிரித்துவிடுவீர்கள். எல்லாரும் இந்த அரிசி மூட்டைப் பக்கம் நெருங்கி உட்காருங்கள்.

நான் சமையல்காரன். போகிற வழியெல்லாம் உங்களுக்குச் சோறு பொங்கிப் போடப் போகிறவன். எனக்குப் பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. டூர் வண்டியில் அந்த வேலைக்கென்று கைடு இருக்கிறான். இந்தக் கண்ணுசாமியும் கைடுதான், வேறொரு வண்டியில். நமக்கு வண்டி ஓட்டப் போகிறானே ஈஸ்வரன், அவனுக்குச் சொந்த மச்சினன். ஈஸ்வரன் என்னிடம் சொன்னதைத்தான் சொல்கிறேன்.

கண்ணுசாமி கெட்டிக்காரன். அதையும் சொல்ல வேண்டும். திண்டுக்கல் மலைக்கோட்டையில் ஆரம்பிப்பான். அப்புறம் மதுரை மகால், செட்டிநாட்டு வீடுகள், தஞ்சாவூர் அரண்மனை, சோழர் கோயில்கள்... மைக்கைப் பிடித்தான் என்றால் செத்துப்போன ராஜாவே எழுந்து வந்து கேட்க வேண்டும், அப்படிப் பேசுவான். பாதி அவன் சொந்தச் சரக்கு. எந்தத் தூணைக் காட்டினாலும் அதற்குப் பின்னால் ஒரு ராணி நின்று அழுதிருப்பாள்.

அவனிடம் ஒரு பழக்கம். யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டான். வயதான பெண்கள் எல்லாரும் அத்தை, ஆண்கள் எல்லாரும் மாமா. வண்டி மதுரை போய்ச் சேர்வதற்குள் மொத்த வண்டிக்கும் மருமகன் ஆகியிருப்பான். ஜனங்களுக்கும் அது பிடித்திருந்தது. பேரை ஞாபகம் வைத்துக்கொள்ளும் தொல்லை அவனுக்கும் இல்லை.

போன சித்திரையில் ஒரு டூர். அதில் சண்முகவள்ளி என்று ஒரு அம்மா. பூத்தோட்டத்துக்காரி. மகள் புவனேஸ்வரி ஆசைப்பட்டு அனுப்பி வைத்திருந்தாள். வாழ்நாளெல்லாம் விடிவதற்கு முன்னால் பூப்பறிக்கக் குனிந்து குனிந்து முட்டி போய்விட்டது. செத்த தூரம் நடப்பார், உட்கார்ந்து முட்டியைத் தேய்ப்பார், மறுபடி நடப்பார். கையில் போன் கிடையாது.

தஞ்சாவூருக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய கற்கோயில். பேர் வேண்டாம், நாமும் அங்கே போகப் போகிறோம். காலைவெயிலிலேயே கல்தளம் சுடத் தொடங்கிவிட்டது. சண்முகவள்ளியால் நடக்க முடியவில்லை. கண்ணுசாமி கையைப் பிடித்துக் கூட்டிப்போய், வெளி மண்டபத்தில் நிழலாக இருந்த ஒரு தூணடியில் உட்கார வைத்தான்.

“அத்தை, இந்த இடத்த விட்டு அசையக் கூடாது. சுத்திக் காட்டிட்டு நானே வந்து கூப்பிடுறேன். நான் கூப்பிடாம எந்திரிச்சிறாதீங்க, இம்புட்டுப் பெரிய கோயில்ல உங்கள எங்கன்னு தேடுவேன்?”

சரி தம்பி என்று அந்த அம்மா தலையை ஆட்டினார்.

அப்புறம் கோபுரக் கதை, நந்திக் கதை, இவன் ராணி அழுத கதை. நேரமாகிவிட்டது. அடுத்து அரண்மனைக்குப் போக வேண்டும். எல்லாரும் ஓடி வந்து ஏறினார்கள். கண்ணுசாமி வண்டிப் படியில் நின்று ஒரு தடவை கேட்டான்: “அத்தை ஏறியாச்சா?”

“ஏறியாச்சு, ஏறியாச்சு” என்று பின் சீட்டிலிருந்து ஒரு பெண் குரல். அவள் பக்கத்தில் நிஜமாகவே அவளுடைய அத்தை உட்கார்ந்திருந்தார். வண்டி கிளம்பிவிட்டது.

அரண்மனையெல்லாம் பார்த்து முடித்து, சாப்பாட்டுப் பந்தியில் ஒரு இலை காலியாகக் கிடந்தபோதுதான் தெரிந்தது. அலறியடித்துக்கொண்டு போனான். அந்த அம்மா அதே தூணடியில்தான் இருந்தார். தூணில் சாய்ந்து, காலை நீட்டி, ஒரு கை முட்டியின் மேல். நிழல் எப்போதோ நகர்ந்து போயிருந்தது. உச்சி வெயில் மொத்தமும் அவர் மேல் விழுந்திருக்கிறது... உயிர் இல்லை.

அங்கே இருந்த காவலாளி சொன்னாராம். அந்தப் பக்கம் நிழல் இருக்கு, தள்ளி உட்காரம்மா என்று அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்திருக்கிறார். அந்த அம்மா கேட்கவில்லை. “எங்க தம்பி இங்கதான் வந்து கூப்பிடுவாப்ல”, அதையே திரும்பத் திரும்பச் சொன்னாராம். அப்புறம் காவலாளி மத்தியானக் கதவடைக்கப் போய்விட்டார்.

இதுவரைக்கும் நடந்தது மறதி என்று வைத்துக்கொள்வோம். மனுஷன் மறப்பான். ஆனால் புவனேஸ்வரி போனில் கதறியபோது கண்ணுசாமி என்ன சொன்னான் தெரியுமா?

“நான் மூணு வாட்டி கூப்பிட்டேன் தங்கச்சி. செத்த நேரம் உக்காந்திருக்கேன், நீங்க அரண்மனையப் பாத்துட்டு வாங்கன்னுட்டாங்க.”

அம்மாவை அத்தை என்கிறான், மகளைத் தங்கச்சி என்கிறான். அவன் உறவுமுறையின் லட்சணம் அது. புவனேஸ்வரி அதை அப்படியே நம்பினாள். அம்மாவின் பிடிவாதம்தான் அம்மாவைக் கொன்றது என்று ஊரும் நம்பியது. காவலாளி சொன்னது ஊர்வரைக்கும் வரவில்லை, உண்மை தெரிந்த அந்த அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

போய்ச் சேர்ந்தாரா என்ன...

அடுத்த டூர். மதுரை மகாலில் கண்ணுசாமி மைக்கில் பேசிக்கொண்டிருக்கிறான். இஃப்பத் என்று காலேஜில் படிக்கிற ஒரு பெண், சும்மா சுற்றிப் பார்த்துவிட்டு வந்து அவனிடம் கேட்டாள். அந்தத் தூணுக்குக் கீழே ஒரு வயசான அம்மா உட்கார்ந்திருக்கிறார்கள், நம் வண்டி ஆளா? கிளம்பலாம் வாங்க என்று கூப்பிட்டால் வர மாட்டேன் என்கிறார்கள், தம்பி கூப்பிடட்டும் என்கிறார்கள்.

இவன் போய்ப் பார்த்தான். யாரும் இல்லை. வெயிலே படாத மூலை அது. குனிந்து தரையைத் தொட்டான்... கை பொத்துப் போகிற சூடு.

அதற்கப்புறம் ஒவ்வொரு டூரிலும் ஒருத்தர் வந்து சொல்வார். செட்டிநாட்டு வீட்டு முற்றத்தில், அரண்மனை மாடிப்படியில், கோயில் மண்டபத்தில். எல்லா இடத்திலும் ஒரே பதில், தம்பி கூப்பிடட்டும். கண்ணுசாமி கண்ணுக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. காதில் கேட்கும். சொரசொரத்த உள்ளங்கையால் முட்டியைத் தேய்க்கிற சத்தம். சர்... சர்... நடுவில் வளையல் ஒன்று கிலுக்கென்று இடிக்கும்.

கூப்பிட்டுத் தொலைக்க வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். நானும் ஈஸ்வரனிடம் கேட்டேன். கூப்பிட்டால், அன்றைக்குக் கூப்பிடவில்லை என்று ஆகிவிடுகிறதே! தன் வாயால் தன்னைக் காட்டிக்கொடுக்க அவனுக்கு மனம் வரவில்லை. சோறு இறங்கவில்லை, தூக்கம் போயிற்று, ஆள் பாதியாக இளைத்துவிட்டான். ஆனாலும் கூப்பிடவில்லை.

கடைசியில் ஈஸ்வரன்தான் அதட்டியிருக்கிறான். போய் அந்தப் பிள்ளையிடம் உண்மையைச் சொல்லு, காலில் விழு, திட்டினால் வாங்கிக்கொள். அதற்காகத்தான் அன்றைக்குச் சாயங்காலம் சாணார்பட்டிப் பக்கம் போனான்.

புவனேஸ்வரி உட்கார வைத்துக் காப்பி கொடுத்தாள். அந்த வீட்டில் அவளுடைய மாமியார், வாதம் வந்து இரண்டு வருஷமாகக் கட்டிலோடு கிடக்கிறார். கை கால் விழுந்துவிட்டது, பேச்சும் குழறல்தான். பழக்கதோஷம், இவன் அவரையும் விடவில்லை. “என்னத்தை, நல்லாருக்கீங்களா?” என்று கேட்டான். அந்த அம்மா கண்ணை மட்டும் உருட்டிப் பார்த்தார்.

சொல்ல வேண்டியதைத் தொண்டைவரை கொண்டுவந்துவிட்டான். அதற்குள் புவனேஸ்வரி முந்திக்கொண்டாள்.

“எங்கம்மா பிடிவாதம் உங்களுக்குத் தெரியாதுண்ணே. நீங்க அம்புட்டு வாட்டி கூப்பிட்டும் வரலையே. உங்களுக்குத்தான் கெட்ட பேரு. மனசுல வச்சுக்காதீங்க.”

அவள் திட்டியிருந்தால் சொல்லியிருப்பான். அவள் மன்னிப்புக் கேட்கிறாள்... இவன் காப்பியைக் குடித்து முடித்தான். வாரேன் தங்கச்சி என்று எழுந்து வந்துவிட்டான்.

அப்படித்தான் அந்த ஒற்றைப் பாதையில் வந்துகொண்டிருந்தான்.

பாலத்தை நெருங்கும்போது வண்டியின் விளக்கு மினுக்கியது. பாலத்தின் கைப்பிடிச் சுவருக்குக் கீழே யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். இந்தப் பக்கம் முதுகு. கால் நீட்டியிருக்கிறது. வண்டி ஒரு குலுக்கு குலுக்கி நின்றுவிட்டது. விளக்கும் போய்விட்டது.

தூறல் நின்றிருந்தது. தவளைகூடக் கத்தவில்லை. காய்ந்த கல்லில் தண்ணீர் ஊற்றினால் ஒரு வாசனை வருமே, சித்திரை மாதத்தில்... அந்த வாசனை. அந்த ஈரத்தில், அந்தக் குளிரில். பாலத்துப் பக்கமிருந்து அனல் அடிக்கிறது.

சர்... சர்...

இதுவரைக்கும் அவன் கண்ணில் படாதது, அன்றைக்கு மட்டும் அவனுக்குத் தெரிகிறது. வண்டியை உதைத்து உதைத்துப் பார்த்தான், கிளம்பவில்லை. அழுதுவிட்டான் என்று ஈஸ்வரன் சொன்னான். சுற்றிலும் பார்த்தான். கேட்பதற்கு ஒரு ஈ காக்கை இல்லை. இங்கே சொன்னால் யாருக்கும் தெரியப்போவதில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு, சித்திரையில் சொல்லியிருக்க வேண்டியதை அந்த இருட்டில் சொன்னான்.

“அத்தை... எந்திரிங்க. வாங்க, போவோம்.”

சண்முகவள்ளி என்று பேர் சொல்லவில்லை. வாய்க்குப் பழகியது அதுதான்.

முட்டி தேய்க்கிற சத்தம் நின்றது. அப்புறம் ஒரு குரல்.

“வாரேன் தம்பி.”

அது பாலத்துப் பக்கமிருந்து வரவில்லை. இவன் முதுகுக்குப் பின்னால், வந்த வழியில், தூரத்திலிருந்து வந்தது. காற்றில் அப்படிக் கேட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டான். கண்ணைத் திறந்தபோது பாலத்தில் யாரும் இல்லை. ஒரே உதையில் வண்டி கிளம்பியது. வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டு, அடித்துப் போட்ட மாதிரி தூங்கினான். எனக்கு ஆத்திரம் வருவது அங்கேதான். மகளுக்குச் சொல்ல வேண்டியதை இருட்டுக்குச் சொல்லிவிட்டு எப்படித் தூங்கினான்?

விடியற்காலையில் போன் வந்தது. புவனேஸ்வரியின் மாமியார் இறந்துவிட்டார்.

போகாமல் இருக்க முடியுமா? போனான். ராத்திரியெல்லாம் நல்ல மழை, வாசலில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. புவனேஸ்வரி அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். அவன் கிளம்பிப் போய்க் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லையாம். அவள் காப்பி டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்திருக்கிறாள். வாய் குழறிக் கிடந்த மாமியார் கணீரென்று, வாரேன் தம்பி என்றாராம். கட்டிலை விட்டு இறங்கினார். நடந்தார். எங்கே போறீங்க அத்தை என்று இவள் பின்னாலேயே ஓடியிருக்கிறாள். கூப்பிடுறாப்ல, வண்டி கிளம்பப் போகுது என்று சொல்லிக்கொண்டே ஈரத்தில் இறங்கி வாசல் மூங்கில் படலைத் தொட்டவர்தான், அப்படியே விழுந்துவிட்டார்.

சொல்லிவிட்டு புவனேஸ்வரி அவன் முகத்தைப் பார்த்தாள்.

“அண்ணே... நீங்க கூப்பிட்டீங்களா?”

கூப்பிடாதபோது மூன்று தடவை கூப்பிட்டேன் என்று சொன்ன வாய் அது.

“இல்ல தங்கச்சி” என்றான்.

அதற்குள் உள்ளே குளிப்பாட்டிக்கொண்டிருந்த பெண்களுக்கு நடுவில் சலசலப்பு. ஒருத்தி வெளியே வந்து புவனேஸ்வரியைக் கூட்டிக்கொண்டு போனாள். கண்ணுசாமியும் நிலைப்படிவரை போய் எட்டிப் பார்த்தான். கால்மாட்டில் சேலையை விலக்கியிருந்தார்கள். இரண்டு வருஷமாகத் தரையே படாத கால்கள், கடைசியாகப் பட்டதும் மழைத் தண்ணீரில்தான்... இரண்டு உள்ளங்காலும் வெந்து, கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியிருந்தது.