கொம்பு பின்னிக்கொண்ட குடு மான்கள்

என் பெயர் எலியாசர் ஹோசெப். தகப்பனார் பெயர் பெட்ருஸ். வயது நாற்பத்தாறு. கோரிக்சாஸுக்கு மேற்கே வறண்ட ஆற்றோரக் குடியிருப்பில் வசிக்கிறேன். ஆடு வளர்ப்பதும் வேட்டைக்குத் தடம் பார்ப்பதும் தொழில். நேற்று வியாழக்கிழமை பிற்பகல், என் மனைவியின் அண்ணன் ஸ்டெஃபானுஸ் உய்ராப் ஓட்டிவந்த வண்டியில், குண்டுக்காயம் இல்லாத ஆண் குடு மானின் இறைச்சியும் ஒற்றைக் கொம்புள்ள தலையும் இருந்ததால், கண்ணி வைத்துப் பிடித்தோம், மற்றக் கொம்பை விற்றோம் என்ற சந்தேகத்தில் காவலர்களால் நிறுத்தப்பட்டோம்.

ஸ்டெஃபானுஸின் மகள் மெலிட்டாவுக்குச் சனிக்கிழமை கல்யாணம். அதற்காக ஒரு குடுக் கிடா சுட அவரிடம் அனுமதிச் சீட்டு இருந்தது. நேற்று விடிந்ததும் புறப்பட்டோம். இது இணைசேரும் காலம் என்பதால் கிடாக்கள் புதர்களைக் கொம்பால் பிய்த்துப் போட்டிருந்தன. "இந்த மாசத்துக் கிடா நாறும் மச்சான், சம்பந்தி வீட்டுக்காரங்க மூக்கப் பொத்திக்கிட்டுத்தான் திம்பாங்க" என்றேன். "ஒன் கல்யாணத்துல கழுதக்கறி போட்டோம், நீ ரெண்டாந்தரம் கேட்டியே" என்றார்.

அதன் பிறகு பெட்டைகளின் தடத்தைத் தொடர்ந்து ஆற்றுமணலில் இறங்கினோம். அங்கே ஒரு வீட்டுமனை அளவுக்கு மணல் உழுதது போலக் கிடந்தது. நடுவில் இரண்டு கிடாக்கள், முறுக்குக் கொம்புகள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிய நிலையில் இருந்தன. ஒன்று கழுத்து முறிந்து செத்திருந்தது. வயிற்றில் கை வைத்தேன், சூடு இருந்தது. மற்றது செத்ததன் பாரத்தைத் தலையில் தாங்கி முழங்காலிட்டிருந்தது. இழுத்து வந்த தடத்தைக் காலடியால் அளந்தேன், நூற்றுப் பதினேழு அடி.

ஸ்டெஃபானுஸ் துப்பாக்கியைத் தூக்கினார். சட்டப்படி அவர் சுடலாம். "சுடு மச்சான்" என்று நானும் சொன்னேன். வெகுநேரம் குறிபார்த்துவிட்டு இறக்கினார். "கட்டிப்போட்டவன எப்பிடிடா சுடறது? செத்தவன நம்ம கணக்குல எடுத்துக்கலாம். ரம்பம் இருக்கா?" என்றார். வேலிக் கம்பி அறுக்கும் ரம்பம் வண்டியில் இருந்தது.

அதன் பிறகு அவர் துப்பாக்கியை மரத்தில் சாய்த்துவிட்டு, கல்யாணத்துக்கென்று தைத்த கோட்டைக் கழற்றி உயிரோடிருந்த கிடாவின் கண்ணை மூடி, அதன் கழுத்தின் மேல் படுத்துக்கொண்டார். அந்தக் கழுத்து என் இடுப்பைவிடப் பெரிதாக வீங்கியிருந்தது. நான் செத்ததன் இடது கொம்பை அடியில் அறுத்தேன். கிடா ஒரு முறை உதறியதில் என் முன்பல் ஒன்று போனது. மறுபடி பிடித்தபோது, அதன் மூச்சு கொம்பு வழியாக என் உள்ளங்கைக்கு வந்தது. உயிரோடிருக்கும் குடுக் கிடாவை நான் அதுவரை தொட்டதே இல்லை.

கொம்பு அறுந்த பிறகும் அது எழவில்லை, விடுபட்டது அதற்குத் தெரியவில்லை. ஸ்டெஃபானுஸ் கோட்டை உருவிக்கொண்டு பின்வாங்கினார். அதன் பிறகு அது எழுந்தது. அறுத்த கொம்பு அதன் கொம்பிலேயே சிக்கித் தொங்கியது. எங்களிடமிருந்து ஐந்தடி தூரத்தில் நின்று நாய் போல ஒரு முறை குரைத்தது. ஓடவில்லை. பெட்டைகள் போன மேட்டில் நடந்தே ஏறிப் போனது. ஸ்டெஃபானுஸ் தொப்பியைக் கழற்றியிருந்தார். நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன். யாரும் துப்பாக்கிப் பக்கம் போகவில்லை.

அதன் பிறகு செத்ததைத் துண்டுபோட்டு ஏற்றினோம். நான் சொன்னதை நேற்று யாரும் நம்பவில்லை. இன்று காலை, எங்களை நிறுத்திய சார்ஜென்ட் அம்மாவையும் ஒரு காவலரையும் அங்கே அழைத்துப் போய்த் தடங்களைக் காட்டினேன். மேட்டுக்கு அப்பால் பதினொரு பெட்டைகளின் நடுவே அந்தக் கிடா நின்றது. சார்ஜென்ட் அம்மா தூரநோக்கியைக் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை. "யாரும் சத்தம் போடாதீங்கப்பா" என்று மட்டும் சொன்னார். திரும்பி வந்ததும் இறைச்சியையும் அனுமதிச் சீட்டையும் ஸ்டெஃபானுஸிடம் திருப்பி ஒப்படைத்தார்.

மேலே உள்ளதை எனக்கு என் பாஷையில் படித்துக் காட்டினார்கள். யாரும் மிரட்டிச் சொல்ல வைக்கவில்லை, எல்லாம் நான் பார்த்தது, செய்தது. எழுதிய காவலர், மேட்டுக்கு அப்பால் நின்ற கிடாவுக்கு இரண்டு கொம்புகள் என்று எழுதியிருந்ததை, சார்ஜென்ட் அம்மா மூன்று என்று திருத்தினார். திருத்திய இடத்தில் நாங்கள் மூவரும் கையொப்பம் இட்டிருக்கிறோம்.

(ஒப்பம்) எ. ஹோசெப்