தேரிக்காட்டில் எடுத்த படங்கள்

நான் எடுக்கும் படங்களில் யாரும் கண்ணை மூடியிருக்க மாட்டார்கள். எங்கள் கம்பெனியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், மேடம். எனக்குப் பேச வராது. படம் எடுப்பவள் பேச வேண்டியதில்லை. அதனால் டூர் என்றால் அந்த வேலை எனக்கு வந்துவிடும். போன் மட்டும் வினிதாவுடையது. என் போனில் எல்லாம் மங்கலாகத்தான் விழும்.

நானும் வினிதாவும் வீரபாண்டியில் ஒரே அறையில் இருந்தோம். அவள் தையலில், நான் செக்கிங்கில். பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு வேலைக்கு வந்த புதிதில், கேன்டீனில் இன்னொரு கரண்டி குழம்பு கேட்கக்கூட எனக்கு வாய் வராது. அவள்தான் கேட்பாள். பஸ் டிக்கெட், மருந்துக் கடை, லீவு, எல்லாவற்றுக்கும் அவள்தான் பேசுவாள். அவளுக்குப் பஞ்சுத் தூசியால் மூச்சிரைப்பு உண்டு. சரியான நேரத்தில் மருந்தை இழுக்கும் பம்பை எடுத்து நீட்டுவது நான். நியாயமான ஏற்பாடு என்றே இன்னும் நினைக்கிறேன்.

திருச்செந்தூருக்கு வேனில் போனோம். ஷேடு மாறிவிட்டதென்று திரும்பி வந்த ஆர்டரிலிருந்து எல்லோருக்கும் ஒரே மஞ்சள் பனியன் கொடுத்திருந்தார்கள். மிச்சப் பனியன்கள் கடைசி சீட்டுக்கு அடியில் ஓர் அட்டைப்பெட்டியில் இருந்தன. எங்கே வண்டி நின்று கிளம்பினாலும் சூப்பர்வைசர் ஞானசம்பந்தம் அண்ணன் முன்னால் நின்றுகொண்டு மஞ்சளை மட்டும் எண்ணுவார்.

"பீஸ் கணக்கு சரி. எடுங்க வண்டிய."

"ஏனுங்கண்ணா, நாங்க ஆளுங்களா, பீஸுங்களா?" என்று மயிலாள் அக்கா கேட்டார்.

"இருபது வருசமா பீஸு எண்ணித்தானுங்க பழக்கம். மூஞ்சிய யாரு பார்த்தா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வழியில் நல்ல படங்கள் கிடைத்தன. தாராபுரம் தாண்டி, ஊரையே அடைத்துக்கொண்டு போன காற்றாலை இறக்கை லாரி. மூடிக் கிடந்த பெட்ரோல் பங்கில், பம்பின் மேல் ஏறி நின்ற மயில். தண்ணீரில்லாத ஆற்றுக்குள் கிரிக்கெட் ஆடியவர்கள். ஒவ்வொரு படமெடுக்கும்போதும் திரையின் மேல் விளிம்பில் ஒரு செய்தி வந்து மறைந்தது. சாயிமா அக்கா என்று பெயர் காட்டியது. அவர் எங்கள் கம்பெனியிலிருந்து பெருமாநல்லூருக்கு மாறிப் போனவர்.

"யாரு இத்தனை மெசேஜு?" என்று கேட்டேன்.

"எங்கம்மாதான். வேற யாரு எனக்கு?" என்றாள் வினிதா.

பொய் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள். கடலில் எல்லோரும் குளிக்கும்போது நான் கரையில் உட்கார்ந்து அந்தச் செய்திகளைப் படித்தேன். திங்கட்கிழமை வந்துவிடு கண்ணு, ஹாஸ்டலில் இடம் சொல்லிவிட்டேன், அவளிடம் சொல்லிவிட்டாயா என்று சாயிமா அக்கா கேட்டிருந்தார். இல்லக்கா, சொன்னால் அழுவாள், போன பிறகு சொல்லிக்கொள்கிறேன் என்று இவள் பதில் போட்டிருந்தாள். நான் அழுவேன் என்று எப்படி முடிவு செய்தாள் என்று தெரியவில்லை. நான் அழவில்லை.

திரும்பும் வழியில், நல்ல உச்சி வெயிலில், டிரைவர் தௌபிக் தேரிக்காட்டில் வண்டியை நிறுத்தினார். "ராஜஸ்தான் போகக் காசில்லாதவங்களுக்கு இதுதானுங்க பாலைவனம். எறங்குங்க."

கண்ணுக்கெட்டிய வரை செம்மணல் மேடுகள். அங்கங்கே பனை. கால் வைத்தால் கணுக்கால் வரை புதைகிறது. வினிதாவிடம், அந்த மேட்டுக்கு அப்பால் காலடி படாத மணல் இருக்கிறது, அங்கே போய் நில், மற்றவர்களை எடுத்து முடித்துவிட்டு வருகிறேன் என்றேன். பை தோளில் தொங்கினால் படம் நன்றாக இராது என்று வாங்கிக்கொண்டேன்.

"வண்டி எடுத்துருவாங்கடி."

"அண்ணங்கிட்ட சொல்லிட்டேன்."

"அட, நீயா சொன்ன? இனி நான் இல்லாட்டியும் பொழச்சுக்குவ போ." என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு ஏறிப் போனாள்.

நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. எல்லோருக்கும் முன்னால் வேனுக்குப் போய், தலையணையையும் போர்வையையும் சுருட்டி அவள் இடத்தில் சாய்த்து, பெட்டியிலிருந்த பனியன் ஒன்றை மாட்டினேன். மேலே ஒரு துண்டைப் போட்டேன். ஞானசம்பந்தம் அண்ணன் எண்ணினார். சரியாக வந்தது.

"வினிதா என்ன முக்காடு போட்டுட்டா?"

"வாந்திங்கண்ணா. தூங்கறா," என்றேன். எல்லோருக்கும் கேட்கும்படி.

"ஊமைச்சி வாயத் தொறந்துட்டாளுங்கோ!" என்றார் மயிலாள் அக்கா. எல்லோரும் கை தட்டினார்கள்.

சாப்பாட்டுக்கு நின்றபோதும் அதையே சொன்னேன். வேண்டாம் என்கிறாள், எழுப்பாதீர்கள் என்றேன். எங்கே வந்துகொண்டிருக்கிறாய் என்று சாயிமா அக்கா கேட்டிருந்தார். நான் வரவில்லை அக்கா, இங்கேயே இருந்துகொள்கிறேன் என்று பதில் போட்டுவிட்டு போனை அணைத்தேன். இத்தனை நாள் எனக்காக அவள் பேசினாள். அவளுக்காக நான் பேசியது அது ஒரு முறைதான். இருட்டிய பிறகு தாராபுரத்தில் டீக்கு நின்றபோது மயிலாள் அக்கா துண்டை விலக்கிப் பார்த்துவிட்டார். மறுநாள் காலையில் பனையேறி ஒருவர் அவளைப் பார்த்தாராம். மேட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவில் மூச்சில்லாமல் கிடந்தாளாம்.

கொஞ்ச நேரம் தனியாக நின்று பார்க்கட்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். பம்பு அந்தப் பைக்குள் இருந்தது எனக்குத் தெரியும். பை என் மடியில்தான் இருந்தது. வண்டியை நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் இருந்தது, அதையும் அன்றுதான் தெரிந்துகொண்டேன். எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் வண்டி கிளம்பிய பிறகு பின்கண்ணாடி வழியாக எடுத்த படத்தைப் பற்றி நீங்கள் சொல்வது தவறு, மேடம். மேட்டின் உச்சியில் மஞ்சளாகத் தெரிகிறாள். ஒரு கை நெஞ்சில் இருக்கிறது, ஒரு கை மேலே இருக்கிறது. கூப்பிடுகிறாள் என்கிறீர்கள். நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். டாட்டா காட்டுகிறாள். விட்டுப் போனது அவள்தான்.