வாளியில் விட்ட கை

கப்பல் ஏறிப் போன நம்ம சனம், ஒருநாள் ஊர் திரும்பிடலாம்னு இன்னும் நம்பிக்கிட்டிருந்த காலம் அது. டிரினிடாட் தீவுல பெல்மோர்னு ஒரு கரும்புத் தோட்டம். அங்க வெள்ளச்சின்னு ஒருத்தி இருந்தாளாம்.

அவ புருசன் சடையனுக்குக் கரும்புப்பாகு காய்ச்சுற கொப்பரையில வேலை. காய்ச்சல்ல தள்ளாடினவனை, "நடிக்காதடா, நிமிந்து நில்லு"ன்னு கங்காணி சிங்காரம் பிரம்பால விரட்டினானாம். சடையன் கால் தடுக்கிக் கொதிக்கிற பாகுல விழுந்தான். வெள்ளச்சி ஓடி வந்து கங்காணி காலைப் பிடிச்சா. "ஐயா, தீயை அணைக்கச் சொல்லுங்கய்யா! தூக்கச் சொல்லுங்கய்யா!"

"அணைச்சா பாகு கெட்டுப்போகும், போடீ."

சிரிச்சுக்கிட்டே சொன்னானாம், பாவி! சாயங்காலந்தான் எடுத்தாங்களாம். முகத்தைக்கூடப் பாக்க விடலையாம்.

அந்தத் தீவுல கார்னிவல்னு ஒரு திருவிழா. அன்னிக்குப் பேய் வேசக்காரங்க உடம்பெல்லாம் கறுப்புப் பாகு பூசி, கொம்பு வச்சு, சங்கிலி இழுத்து, பாகு வாளியோட வருவாங்க. "காசு போடு, இல்லன்னா ஊத்துவேன்!" கூட வர்றவங்க பிஸ்கட் டின்னைத் தட்டுவாங்க. பூசின மூஞ்சியில ஆணா பொண்ணான்னு யாருக்குத் தெரியும்?

வெள்ளச்சி பூசினா. கொம்பு வச்சா. கொப்பரையில கொதிக்கிற பாகை வாளியில மொண்டா. ஆவி தெரியாம மேல கொஞ்சம் ஆறின பாகை ஊத்தினா. நேரா கங்காணி வாசல்ல போய் நின்னா.

அவன் லேசுப்பட்ட ஆளா? "காசெல்லாம் கிடையாது. ஊத்துறதுன்னா, மொதல்ல வாளியில உன் கையை விடுடா பாக்கலாம்"னானாம்.

விட்டா. முழங்கை வரைக்கும் விட்டா. வெளிய எடுத்து, சொட்டச் சொட்டத் தூக்கிக் காட்டி, சிரிச்சாளாம்!

"சரி, ஊத்து!" தொப்பியைக் கழட்டித் தலையைக் குனிஞ்சான்.

ஊத்தினா.

"ஐயோ வேகுதே, காப்பாத்துங்க!"ன்னு அலறினான். சனம் என்ன செஞ்சுது? "கங்காணி என்னமா நடிக்கிறாரு!"ன்னு டின்னை இன்னும் ஓங்கித் தட்டுச்சாம். தோல் கழண்டு விழுற வரைக்கும் தட்டுச்சாம். வெள்ளச்சி ஓடலை. பக்கத்துல உக்காந்து, அவன் மூஞ்சியையே பாத்துக்கிட்டிருந்தாளாம்.

அவளைத் தூக்குல போட்டாங்கன்னும் சொல்றாங்க, கை அழுகி அவளே செத்துப்போயிட்டாள்னும் சொல்றாங்க.

ஆனா பெல்மோர்ல இன்னிக்கும் எந்தப் பேய் வேசம் வந்தாலும், மொதல்ல தன் கையை முழங்கை வரைக்கும் வாளியில விட்டுத் தூக்கிக் காட்டணும். காட்டிக்கிட்டே அது சிரிச்சா மட்டும், அந்த ஊர்க்காரன் எவனும் தலை குனிய மாட்டான். காசைப் போட்டுட்டு ஒதுங்கிடுவான்.