கடைசியாக ஒரு விரல்

மோரெனிகே: கையை நீட்டு, ஜிபோலா.

ஜிபோலா: முகாம் முடிஞ்சாச்சு. பந்தலைப் பிரிக்கலாம் வா. அகாரா வடை பொரிக்கிற அம்மாவும் அடுப்பை அணைக்கப் போறாங்க.

மோரெனிகே: ரத்தம் சோதிக்கிற பட்டை ஒண்ணு மிச்சம் இருக்கு. நீட்டு.

ஜிபோலா: வர்ற சனிக்கிழமை மசூதிப் பக்கம் போறோமில்ல, அங்க உதவும். எடுத்து வை.

மோரெனிகே: காலையிலேர்ந்து சந்தை முழுக்க ஒலிபெருக்கியில கத்தினது யாரு? கல்யாணத்துக்கு முன்னாடி ரத்தத்தைப் பாருங்க, ரெண்டு பேர்கிட்டயும் அரிவாள் செல் ஒளிஞ்சிருந்தா பிள்ளைக்கு அந்த ரத்த நோய் வரலாம்னு...

ஜிபோலா: நல்லாத்தான கத்தினேன்?

மோரெனிகே: தக்காளிக்காரங்க எல்லாம் வியாபாரத்தை விட்டுட்டு வந்து நின்னாங்க. நம்ம இளைஞர் சங்கத்துல விரலைக் காட்டாதவன் நீ ஒருத்தன்தான்.

ஜிபோலா: ஊசின்னா பயம்.

மோரெனிகே: வண்டியிலேர்ந்து விழுந்து முழங்கால்ல தையல் போட்டப்ப நர்ஸ்கிட்ட கதை பேசிட்டிருந்த.

ஜிபோலா: அந்த நர்ஸ் அழகா இருந்தா...

மோரெனிகே: பேச்சை மாத்தாத. நாளைக்கு உங்க வீட்டு ஆளுங்க பொண்ணு கேட்டு வரணும். சீருக்குக் கிழங்கு, கோலாக் கொட்டை எல்லாம் வாங்கியாச்சா?

ஜிபோலா: ம்... வாங்கியாச்சு. அம்மாதான் ரெண்டு நாளா என்கூடப் பேச மாட்டேங்குறாங்க.

மோரெனிகே: எனக்கு அந்தச் செல் இருக்குன்னு உனக்குத் தெரியும்ல?

ஜிபோலா: நாம பழக ஆரம்பிச்சப்பவே சொன்னியே.

மோரெனிகே: அப்ப உனக்கு இல்லைன்னு நான் தெரிஞ்சுக்க வேணாமா? கையைக் கொடு. ஆங்... குத்தட்டுமா?

ஜிபோலா: இரு.

மோரெனிகே: என்ன?

ஜிபோலா: குத்தாத. பட்டை வீணாப் போகும்.

மோரெனிகே: ஏன் வீணாப் போகும்?

ஜிபோலா: என்ன வரும்னு... எனக்குத் தெரியும்.

மோரெனிகே: சொல்லு.

ஜிபோலா: என் தங்கச்சி இபித்தாயோ காய்ச்சல்ல செத்துப் போயிட்டான்னு சொல்லியிருக்கேன்ல? காய்ச்சல் இல்ல, இந்த நோய்தான். மழை வந்தா போதும், அவளுக்குக் கையும் காலும் முறிக்கிற மாதிரி வலிக்கும். அம்மா அவளை முதுகுல கட்டிக்கிட்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலைஞ்சாங்க. அவ போனப்புறம் இபாதான் நகரத்து ஆஸ்பத்திரியில எனக்கும் ரத்தம் பார்த்தாங்க. நோய் இல்லை. ஆனா அந்தச் செல் இருக்கு, உன்னை மாதிரியே. இன்னொரு வீட்டுக்கு அப்படி ஆகக் கூடாதுன்னுதான் சங்கத்துல சேர்ந்தேன். அங்க வந்து பார்த்தா... நீ.

மோரெனிகே: நான் சொன்ன அன்னைக்கே நீயும் சொல்லியிருக்கலாம்.

ஜிபோலா: சொல்லியிருந்தா நீ பேசுறதையே நிறுத்தியிருப்ப.

மோரெனிகே: பேசியிருப்பேன். கல்யாணம் வரைக்கும் விட்டிருக்க மாட்டேன்.

ஜிபோலா: அதுக்குத்தான் பயந்தேன்... விடு. உங்க அப்பாகிட்ட நானே வந்து சொல்றேன். தப்பு என் பேர்ல இருக்கட்டும்.

மோரெனிகே: வர வேணாம். நாளைக்கு யாரும் வர மாட்டாங்கன்னு அப்பாகிட்ட நேத்தே சொல்லிட்டேன். உங்க அம்மா என்னைத் தேடி வந்திருந்தாங்க. இபித்தாயோவைப் பத்தியும் உன்னைப் பத்தியும் எல்லாம் சொன்னாங்க. அப்ப நான் அழல, ஜிபோலா. நீயா சொல்லவே மாட்டியோன்னு நினைச்சப்பதான் அழுதேன்.