வாழ்த்தும் உள்ளம்

நான் யாரிடமும் போய் எதையும் கேட்டுத் தெரிந்துகொள்கிறவள் இல்லை, சார். சொல்கிறார்கள், காதில் விழுகிறது. காபியை ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள். எதிர்வீட்டுக்காரி பாலில் தண்ணீர் கலக்கிறவள். இன்றைக்கு என்னவோ மனசு வந்து கம்மியாகக் கலந்திருக்கிறாள்.

கம்பெனிகளைப் பதிவு செய்கிற ஆபீஸிலிருந்து நீங்கள் வருவது, தெருமுனையில் கார் திரும்பும்போதே எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டு ஷாலினைப் பற்றித்தான் கேட்பீர்கள் என்பதும் தெரியும். அந்த ஃப்ளெக்ஸை வைத்தது ஷாலின் கம்பெனியா, வேறு யாராவதா. அதுதானே உங்களுக்கு வேண்டும்? வருகிறேன். பேச்சு என்றால் வரிசையாக வர வேண்டும்.

ஷாலின் தங்கமான பெண். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். அவளும் புருஷன் ஜாக்சனும் ஒரகடத்தில் ஒரு ஷெட் வைத்திருக்கிறார்கள். கார் கதவுக்குள் மழைத்தண்ணீர் இறங்காமல் ஒட்டுகிற ரப்பர் இருக்கிறதே, அது செய்கிறார்கள். தகரக் கொட்டகைதான். ஆனால் போர்டில் பெயருக்குப் பின்னால் பிரைவேட் லிமிடெட் என்று பெரிதாக எழுதியிருக்கும். நான் தப்பாகச் சொல்லவில்லை, இருப்பதைச் சொல்கிறேன்.

ஒரு கார் கம்பெனி பெரிய ஆர்டர் தருகிறேன் என்றது. ஆனால் புது மெஷின் வேண்டும் என்றது. பேங்கில் கேட்டால், முதலில் உங்கள் பக்கம் முதல் போடுங்கள், பிறகு கடன் தருகிறோம் என்றார்கள். ஷாலின் ஆடிட்டரைப் பார்த்தாள். தெரிந்தவர்களுக்குக் கம்பெனியில் பங்கு கொடுத்து முதல் திரட்டலாம் என்று அவர் வழி சொன்னார். அதன்படி ஒவ்வொரு வீடாகப் போய் லெட்டர் கொடுத்தாள். ஜாக்சனின் அண்ணன்மாருக்குக் கொடுத்தாள். கோயில் பாட்டுக்குழுவில் ஆர்மோனியம் வாசிக்கிற மரியஜோசப் வாத்தியாருக்குக் கொடுத்தாள். அவருக்கு ஆர்மோனியமே சரியாக வராது.

எனக்குக் கொடுக்கவில்லை.

கோபம் என்று எழுதிவிடாதீர்கள். நான் கோபப்படுகிறவள் இல்லை. காம்பவுண்டு சுவருக்கு இந்தப் பக்கம் நின்றபடி சாதாரணமாகத்தான் கேட்டேன்.

"இன்னாமா ஷாலின், ஊர்ல கீறவங்களுக்கெல்லாம் லெட்டர் போவுதாமே?"

"ஐயோ, ஊருக்கெல்லாம் இல்லக்கா. ஆடிட்டர் எழுதிக் குடுத்த பேருங்களுக்கு மட்டும்தான் கேக்கணும், சட்டம் அப்டி. யார்கிட்டயும் சொல்லிக்கினு இருக்காதீங்க."

"என் பேரு அந்த ஆடிட்டருக்குத் தெரியாதாக்கும்."

அவள் ஈரத்துணியை உதறுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "நான்தான் வேணாம்னு சொன்னேன்க்கா. உங்க வீட்டு அண்ணன் தவறிப்போன பிறகு உங்களுக்குன்னு இருக்கறது அந்த மாடி வாடகை ஒண்ணுதான். நாளைக்கு ஷெட் படுத்துச்சுனா உங்க மூஞ்சில நான் எப்டி முழிப்பேன்?"

பார்த்தீர்களா? நான் இல்லாதப்பட்டவள் என்பதை எவ்வளவு மரியாதையாகச் சொன்னாள் என்று. அந்த மரியாதையைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

மாடியில் இசக்கிசெல்வி என்று ஒரு பெண் குடியிருக்கிறது. வள்ளியூர்ப் பக்கம். ஸ்ரீபெரும்புதூரில் வேறொரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டே கம்பெனிச் சட்டம் படிக்கிறது. துணி காயப்போடும்போது பாடத்தை வாய்விட்டு ஒப்பிக்கும். நான் வடாம் பிழிந்துகொண்டே கேட்டேன்.

"தெரியாமத்தான் கேக்கறேன், தெரிஞ்சவங்களுக்கு மட்டும்தான் ஷேர் குடுக்கணும்னு சட்டமா இன்னா?"

"ஆமா ஆன்ட்டி. பிரைவேட் கம்பெனின்னா பேரு குறிச்சு லெட்டர் குடுத்த ஆளுகட்டதான் துட்டு வாங்கணும். அவிய வேண்டாம்னா அந்த லெட்டரைப் பக்கத்து வீட்டுக்காரருக்கு மாத்திக் குடுக்கவும் முடியாது. பேப்பர், போஸ்டர், மைக்கு, எதுலயும் ஊருக்குச் சொல்லக் கூடாது."

"சொல்லிட்டா?"

"பப்ளிக்குகிட்ட கையேந்துன கணக்கு. வாங்குன துட்டைப் பூரா வட்டியோட திருப்பிக் குடுக்கணும், மேல அபராதம் வேற. எதுக்குக் கேக்கிய?"

"சும்மாதாம்மா. பொது அறிவு."

அதன் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஹைவேயில் கம்பெனி பஸ்கள் நிற்கிற இடத்தில் ஒரு ஃப்ளெக்ஸ் முளைத்தது. 'சாதனைப் பெண்மணி ஷாலின் ஜாக்சன் அவர்களின் கம்பெனியில் பங்கு வேண்டுவோர் அனைவரும் வருக, வருக.' ரோஸ் கலர் பின்னணி, சிரித்த முகம், செல் நம்பர். மத்தியான ஷிப்டுக்குப் போகிற பையன்கள் அத்தனை பேரும் படித்தார்கள். ஷாலின் போன் நிற்கவே இல்லை. "யக்கா, ஓவர்டைம் காசு வந்திருக்கு, ஒரு ஷேர் கெடைக்குமா?" என்று ஹாஸ்டல் ஹாஸ்டலாகக் கேட்டார்கள்.

ஷாலின் ஓடிப்போய்ப் பார்த்தாள், அவிழ்க்கக் கை எட்டவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு ஜாக்சனைக் கூட்டிவரப் போனாள். இரண்டு பேரும் திரும்பி வந்தபோது கம்பம்தான் இருந்தது, ஃப்ளெக்ஸ் இல்லை. காற்று என்றார்கள் சிலர். ஆனால் அதன் போட்டோ மட்டும் உங்கள் ஆபீஸுக்கு வந்து சேர்ந்துவிட்டது.

விசாரணை முடிகிறவரை பேங்கில் இருக்கிற பங்குப் பணத்தைத் தொடாதே என்று ஆடிட்டர் சொல்லிவிட்டார். பணம் போட்டவர்கள் பயந்து திருப்பிக் கேட்டார்கள். முதலில் கேட்டது ஆர்மோனிய வாத்தியார். மெஷின் வரவில்லை. போன வெள்ளிக்கிழமை ஆர்டர் வேறு இடத்துக்குப் போய்விட்டது. ஷெட்டில் இருந்த பெண்பிள்ளைகளுக்குக் கணக்கு முடித்து அனுப்பினாள். நான்தான் சாம்பார் சாதம் கட்டிக்கொண்டு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். "உங்கள மாதிரி ஒருத்தர் பக்கத்துல இருந்தா போதும்க்கா" என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். எனக்கும் கண் கலங்கியது, சார். பொய் சொல்லவில்லை.

யார் வைத்தது என்ற பேச்சு முதல் நாளே வந்துவிட்டது. அந்தக் கம்பங்களுக்குப் பக்கத்தில் இட்லிக் கடை போட்டிருக்கிறாள் உலகம்மாள். தென்காசிப் பக்கத்துக்காரி. இட்லிக் கடன் பாக்கி விஷயத்தில் அவளுக்கும் ஜாக்சனுக்கும் எப்போதோ வாய்த்தகராறு. போதாதா? அவள்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஷாலினே போய்க் கேட்டாள்.

"எனக்கு எதுக்குத்தா இந்தச் சோலி? அன்னைக்கிக் கிருத்திகை. கடையப் பூட்டிட்டு வல்லக்கோட்டை முருகன் கோயில்லல்லா கெடந்தேன்" என்றாள் உலகம்மாள். ஒருவரும் நம்பவில்லை. அவள் கடையில் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். ஆவி பறக்கிற இட்லிச் சட்டியை வைத்துக்கொண்டு அவள் ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். நான் கோயிலுக்குப் போகிற வழியில் பார்ப்பேன். பாவமாக இருக்கும். அடுத்தவர் விஷயத்தில் தலையிடுகிற பழக்கம் எனக்கு இல்லை.

அப்படியே போயிருக்கும். ஆனால் போன ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது இரண்டு பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

"இட்லி சுடறவதானேன்னு நெனச்சோம். எந்த எடத்துல தட்டுனா கம்பெனியே படுக்கும்னு தெரிஞ்சிக்கினு தட்டிருக்கா பாரு."

"மூளைடி. லாயர் கூட இப்டி யோசிக்க மாட்டான்."

அங்கேதான், சார், எனக்கு மனசாட்சி உறுத்த ஆரம்பித்தது. ஒரு பாவமும் அறியாத உலகம்மாள் மேல் இப்படி ஒரு பேரா? இரவெல்லாம் தூக்கமில்லை. அவளுக்குப் பிரைவேட் தெரியுமா, லிமிடெட் தெரியுமா? கடை போர்டில் பொங்கல் என்று எழுதுவதற்கே ஆள் வைத்தவள்.

நம் பக்கத்தில் ஒருவரைப் பாராட்ட வேண்டுமென்றால் என்ன செய்வார்கள்? காதுகுத்துக்கு ஃப்ளெக்ஸ், மஞ்சள் நீராட்டுக்கு ஃப்ளெக்ஸ், கம்பெனியில் பர்மனென்ட் ஆனால்கூட ஃப்ளெக்ஸ். நானும் ஒரு பாராட்டாகத்தான் அடித்தேன். அதில் ஒரு வார்த்தை பொய் இருந்தால் சொல்லுங்கள். ஸ்ரீபெரும்புதூரில் அருள்பாண்டி கடை. போன வருஷத் திருவிழாவில் எடுத்த ஷாலின் படத்தைக் கொடுத்தேன்.

"யாருக்கா இது, எலெக்‌ஷன்ல நிக்கறாங்களா?" என்றான்.

"கம்பெனி நடத்தறாப்பா. நீ அடி."

ஃப்ளெக்ஸ் என்றால் கீழே வாழ்த்துகிறவர் படம் இல்லாமல் இருக்குமா? அக்கா மகள் கல்யாணத்தில் நீலப் பட்டுப் புடவையில் எடுத்தது ஒன்று இருந்தது. அதைப் போட்டு, 'வாழ்த்தும் உள்ளம்: அந்தோணிமேரி' என்று எழுதச் சொன்னேன். அருள்பாண்டி ஒரு நாளைக்கு நூறு முகம் அச்சடிக்கிறவன், எதையும் நினைவில் வைக்க மாட்டான்.

உலகம்மாள் கடை பூட்டியிருந்த நேரமாகப் பார்த்து, அவள் ஸ்டூலையே இழுத்துப் போட்டு ஏறிக் கட்டினேன். கட்டும்போது கீழ் ஓரத்தை மட்டும் பின்பக்கமாக மடித்துக் கட்டினேன். வேண்டுமென்றே என்று எழுதாதீர்கள், முன்யோசனையாக என்று எழுதுங்கள். என் பேர் தெரிந்தால் அது பக்கத்து வீட்டுக்காரியின் வாழ்த்து. தெரியாவிட்டால் கம்பெனியின் விளம்பரம். இசக்கிசெல்வி சொன்ன பாடத்திலிருந்து நானாகக் கண்டுபிடித்தது இது. அந்தப் பெண்ணுக்கே தோன்றியிருக்காது. போட்டோ எடுத்து, பொதுநலம் விரும்பி என்று போட்டு அனுப்பியதும் நான்தான். ஷாலின் ஜாக்சனைத் தேடிப் போன நேரத்தில் அவிழ்த்து எடுத்து வந்ததும் நான்தான்.

ஆகவே ஷாலின் மேல் தப்பில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். அவளுடைய ஆர்டர் போனது போனதுதான், அதற்கு நான் என்ன செய்ய முடியும்? கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.

அதற்கு முன்னால் ஒரு நடை மொட்டை மாடிக்கு வாருங்கள். மழைக்கு வடாம் நனையக் கூடாது என்று அந்த ஃப்ளெக்ஸைத்தான் கூரையாகப் போட்டிருக்கிறேன். இப்போது மடிப்பெல்லாம் பிரித்துவிட்டேன். ரோட்டிலிருந்து பார்த்தாலே தெரிகிற மாதிரி, காலையில்தான் திருப்பிக் கட்டினேன். அதில் எங்கேயாவது உலகம்மாள் முகம் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.