கம்பியை விட்ட கை

பாம்பன் பாலத்தை ரயில் நெருங்கியபோது, பெட்டி வாசலில் நின்ற இரண்டு கல்லூரிப் பையன்களில் ஒருவன் சொன்னது என் காதில் விழுந்தது.

“கம்பியை விட்டாத்தான் மாப்ள, கடல்ல நிக்கிற மீன்பிடி போட்டு படத்துல கருப்பா விழாது.”

அவன் கையில் ஒரு சின்ன டிஜிட்டல் கேமரா. என் மகனுக்கும் அவன் வயதுதான்.

“வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க அதுல ஒண்ணுமே இல்லையா?”

“இல்லடா, எல்லாம் அதுவாத்தான் செய்யும். வானத்தைப் பாத்துச்சுன்னா போட்டெல்லாம் கரிக்கட்டை. அதான் மொதல்ல எட்டி, கீழ பாலத்து நெழலைக் காட்டி, பட்டனைப் பாதி அமுக்கிப் பிடிச்சுக்கணும். விடாம அப்படியே நிமிந்து போட்டை எடுக்கணும். இன்னொரு கை லென்சுல வெயில் விழாம மறைக்கணும்.”

“அப்பக் கம்பியை யாரு பிடிக்கிறது, ஒங்க அய்யாவா?”

“நீ என் பெல்ட்டைப் பிடி.”

பாலம் வந்தது. அவன் வெளியே சாய்ந்தான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது இருவரும் உள்ளே நின்று கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“வெளிச்சம் சரியா விழுந்திருக்கு. படந்தான் ஆடிப்போச்சு.”

“ஏலே, ஆடுனது என் கைதான். இனிமே நான் பிடிக்க மாட்டேன்.”

“சரி விடு. திரும்பி வாறப்ப நான் தனியாவே எடுத்துக்கிறேன்.”