கட்டியாச்சு, ஆனா ஒட்டலை

பிரசங்கம் நீளுதேன்னு பின்னாடி நிக்கிற தம்பிமாரு செல்போனைப் பாக்குறது எனக்குத் தெரியுது. பாருங்க, பாருங்க... ஆனா ஒரு சின்னக் கதை இருக்கு, அதை மட்டும் கேட்டுட்டுப் போங்க. அதுக்கப்புறம் நானும் வீட்டுக்குப் போயிருவேன்.

ரெஜினாள்னு ஒரு அக்கா. மார்க்கெட்ல மீன் விக்கிறவங்க. காலையில குத்தவெச்சு உக்காந்தாங்கன்னா கூடை காலியாகுற வரைக்கும் எந்திரிக்க மாட்டாங்க. ஒருநாள் வியாபாரம் முடிஞ்சு எந்திரிக்கும்போது முட்டுக்குள்ள 'டப்'புன்னு ஒரு சத்தம்... அவ்வளவுதான். காலை ஊன முடியலை.

ஸ்கேன் எடுத்துப் பாத்த டாக்டர் சொன்னாரு: "அம்மா, முட்டிக்குள்ள மெத்தை மாதிரி ஒரு ஜவ்வு இருக்கு. அது எலும்புல வேர் பிடிச்சு நிக்கும். உங்களுக்கு அந்த வேர் பிஞ்சு வந்துருச்சு. திரும்ப எலும்போட சேர்த்துக் கட்டணும்."

எப்படிக் கட்டுவாங்க தெரியுமா? கேட்டு நான் அசந்து போயிட்டேன். பிஞ்ச இடத்துல முதல்ல எலும்பை லேசா சுரண்டுவாங்களாம். ஏன்? ரத்தம் கசியணுமாம். ரத்தம் வந்தாத்தான் ஒட்டுமாம்! பிறகு கீழ இருந்து எலும்புல சின்னதா ஒரு துளை போட்டு, ஜவ்வுல நூலைக் கோத்து, அந்தத் துளை வழியா இழுத்து, எலும்புக்கு வெளிய ஒரு குட்டிப் பட்டன்ல முடிச்சுப் போட்டுருவாங்களாம். நம்ம சட்டையில பட்டன் தைக்கிற மாதிரிதான்!

ஆபரேஷன் தியேட்டருக்குள்ள போகும்போது ரெஜினாள் அக்கா ஒரு நேர்ச்சை வெச்சாங்க. என்ன நேர்ச்சை? "மாதாவே! என் முட்டு சரியாச்சுன்னா, திருவிழா அன்னைக்குக் கொடிமரத்துல இருந்து உன் பீடம் வரைக்கும் முட்டுலயே நடந்து வாறேன்!"

பாத்தீங்களா? முட்டு சரியாச்சுன்னா முட்டுலயே நடப்பாங்களாம்! சிரிக்காதீங்க... நம்ம ஆளுக அப்படித்தான். எது வலிச்சுதோ அதையே கொண்டு போய்க் காணிக்கை குடுப்போம்.

ஆபரேஷன் முடிஞ்சுது. டாக்டர் வந்து, "நல்லாக் கட்டியாச்சும்மா. கிறிஸ்மஸ் வரைக்கும் குத்தவைக்கக் கூடாது, முட்டி போடக் கூடாது"ன்னாரு. அக்கா காதுல 'நல்லா' விழுந்துச்சு. 'ஆச்சு' விழுந்துச்சு. மிச்சம் எதுவும் விழலை.

செப்டம்பர்ல திருவிழா வந்துச்சு. அக்காவுக்கு வலியே இல்லை. வாக்கரைத் தூக்கி மூலையில போட்டாச்சு. நேரா கொடிமரத்துக்கு வந்தாங்க, சேலையை இழுத்துச் செருகுனாங்க, மணல்ல முட்டு போடப் போறாங்க... வீட்டுக்காரர் தொபியாஸ் அண்ணாச்சி ஓடி வந்து கையைப் பிடிச்சுட்டாரு.

"ஏட்டி ரெஜினா, வேண்டாம்! திரும்பப் பிஞ்சா கட்டுறதுக்கு உள்ள ஒண்ணும் மிஞ்சாதுன்னு டாக்டர் சொன்னாரே! பிறகு நீ எப்படி நடப்பே?"

"வலியே இல்லைங்க! மாதா குடுத்த காலை மாதாவுக்கே காட்டலைன்னா எப்படி? கையை விடுங்க!"

சுத்தி நிக்கிற பொம்பளைங்க சும்மா இருப்பாங்களா? "வலிதான் இல்லைங்காளே, விடுங்க அண்ணாச்சி! நேர்ச்சைக்குக் குறுக்க நிக்காதீங்க!"

அண்ணாச்சி பாவம், என்ன செய்வாரு? டாக்டருக்குப் போனைப் போட்டு, ஸ்பீக்கர்ல வெச்சு, அக்கா முகத்துக்கு நேரா நீட்டிட்டாரு.

டாக்டர் சத்தம் போடலை. மெதுவாக் கேட்டாரு: "அம்மா... நான் என்ன சொன்னேன்? கட்டியாச்சுன்னு சொன்னேன். ஒட்டியாச்சுன்னு சொன்னேனா?"

அக்கா குனிஞ்சவங்க நிமிந்து போனைப் பாத்தாங்க.

"இப்போ நூல்தாம்மா பிடிச்சுட்டு நிக்குது. எலும்பு இன்னும் பிடிக்கலை. கட்டி விடுறதுதான் என் வேலை. ஒட்ட வைக்க என்னால ஆகாது. எந்த டாக்டராலயும் ஆகாது."

"அப்போ... யாரு டாக்டரய்யா ஒட்ட வைப்பா?"

"நீங்க யாரை வேண்டிக்கிட்டீங்களோ அவங்கதான். உள்ள வேலை பாத்துட்டு இருக்காங்க. பாதி வேலையில போயி அவங்க கையைத் தட்டி விடாதீங்கம்மா!"

கையைத் தட்டி விடாதீங்க! சொன்னது யாரு? நெத்தி நிறைய திருநீறு பூசுற டாக்டர்! நான் சொல்ல வேண்டிய பிரசங்கத்தை அவரு போன்லயே சொல்லி முடிச்சுட்டாரு.

ரெஜினாள் அக்கா கொடிமரத்தைப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க. பிறகு பீடத்தைப் பாத்துச் சொன்னாங்க: "தாயே, அவசரப்பட்டுட்டேன். நீ வேலையை முடி. நான் காத்துட்டு இருக்கேன்."

அன்பான என் மக்களே... நாம என்ன செய்யுதோம்? புருஷனை அடக்கம் பண்ணுன பிள்ளை ஒருநாள் சிரிச்சுட்டா, 'தேறிட்டா'ன்னு நாமளே முடிவு பண்ணிருதோம். மறுநாள் அவ அழுதா, "இன்னுமா அழுதே?"ன்னு கேக்கோம். பேசாம இருந்த அண்ணன் தம்பி அன்னைக்குத்தான் கையைக் குடுத்திருப்பாங்க... உடனே பழைய சொத்துப் பேச்சை எடுத்து நடுவுல வைக்கோம். வலி தெரியலைன்னா ஒட்டிருச்சுன்னு அர்த்தமா? யாரு சொன்னா உங்களுக்கு? அவங்க நூல்ல நிக்காங்கய்யா... நூல்ல நிக்காங்க!

இந்தப் பந்தல்ல ஒருத்தன் உக்காந்திருக்கான். ஈஸ்டரோட குடியை விட்டவன். பேரு சொல்ல மாட்டேன், அவன் சம்மதிச்சுத்தான் இதைச் சொல்லுதேன். நாளைக்குத் தேர் நிலைக்கு வந்ததும் கூட்டாளிமாரு அவன் தோள்ல கை போடுவீங்க. "அதான் விட்டுட்டியே மாப்ள, இனி என்ன பயம்? ஒரு கிளாஸ்தானே!"ம்பீங்க. உங்களுக்கு அது ஒரு கிளாஸ். அவனுக்கு?

கெஞ்சிக் கேக்கேன், ஊத்திக் குடுக்காதீங்க. ஒரு கலர் சோடா வாங்கிக் குடுங்க. கூடவே நடந்து வீடு வரைக்கும் கொண்டு விடுங்க. அங்க அவன் மக தூங்காம வாசல்ல உக்காந்திருப்பா... அப்பா எப்படி நடந்து வாறாருன்னு பாக்குறதுக்கு.